காருக்கு நீட்டிப்பு வாரண்டி தேவையா? கையெழுத்துக்கு முன் செய்ய வேண்டிய கணக்கு

காருடன் வரும் வாரண்டி முடிந்த பிறகும் பழுதுச் செலவை ஏற்பதாகச் சொல்லித் தனிக் காசுக்கு விற்கப்படுவது நீட்டிப்பு வாரண்டி. கார் வாங்கும் இடத்தில் அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கடைசியில்தான் வரும். விலை பேசி முடிந்திருக்கும், கடன் பத்திரத்தில் கையெழுத்தும் ஆகியிருக்கும். சாவி கைக்கு வருவதற்குச் சற்று முன்னால் ஒரு தாள் மேசையில் நகர்ந்து வரும். “இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கட்டினால் ஐந்தாறு வருடத்துக்குக் கவலையே இல்லை” என்பார்கள். அவ்வளவு பெரிய தொகையைச் செலவழித்து முடித்தவருக்கு இந்தத் தொகை சிறிதாகத்தான் தெரியும். அது விற்பவருக்கும் தெரியும்.

வாங்கலாமா வேண்டாமா என்று கேட்பவர்கள் எல்லோரும் வண்டி பழுதாகுமா என்பதிலேயே நிற்கிறார்கள். எந்த வண்டியும் ஒருநாள் பழுதாகத்தான் செய்யும். உங்களால் தாங்க முடியாத ஒரு பில் வர வாய்ப்பு இருக்கிறதா? வந்தால், இந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் வாசகங்களின்படி அந்தப் பில்லை அவர்கள் கட்டுவார்களா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் வாங்குங்கள். ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை காணும் வழியைத்தான் படிப்படியாகச் சொல்லப்போகிறேன். ஷோரூம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு செய்கிற காரியம் அல்ல இது. ஒப்பந்தத்தின் முழு நகலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து செய்ய வேண்டியது. தயாரிப்பாளரின் சொந்த நீட்டிப்புத் திட்டங்கள் பலவற்றை, முதல் வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். விலை கொஞ்சம் ஏறலாம். ஆனால் ‘இன்றைக்கு விட்டால் கிடைக்காது’ என்ற பேச்சு பெரும்பாலும் விற்பனை உத்திதான்.

படி 1: ஏற்கெனவே கையில் இருப்பதை எண்ணுங்கள்

புதிய காருடன் வரும் வாரண்டி என்பது பல வாரண்டிகள் சேர்ந்த கட்டு. முழு வண்டிக்கும் ஒரு காலம் உண்டு. பல நாடுகளில் 3 ஆண்டுகள் என்பது வழக்கமான அளவு. இன்ஜின், கியர்பாக்ஸ், சக்கரங்களுக்கு விசையைக் கடத்தும் பாகங்கள் ஆகியவற்றுக்குச் சில நிறுவனங்கள் அதைவிட நீண்ட காலம் தருகின்றன. தகடு துருப்பிடித்து ஓட்டையாவதற்குத் தனிக் காலம். மின்சாரக் கார்களின் பெரிய பேட்டரிக்கு 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது பல சந்தைகளில் வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கும் 8 ஆண்டுகள் அல்லது 80,000 மைல் வரை தயாரிப்பாளரே பொறுப்பு என்று புகை மாசு விதிகள் சொல்கின்றன.

நிறுவனத்துக்கு நிறுவனம், நாட்டுக்கு நாடு இது மாறும். ஹூண்டாய் அமெரிக்காவில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் முதல் உரிமையாளருக்கு 10 ஆண்டுகள் அல்லது 1,00,000 மைல் தருகிறது. கியா ஐரோப்பாவில் 7 ஆண்டுகள் அல்லது 1,50,000 கிலோமீட்டர் தருகிறது. இப்படி ஒரு வண்டியை வாங்கி ஐந்தாம் ஆண்டில் விற்றுவிடப் போகிறவருக்கு நீட்டிப்பு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்து, சட்டம் தரும் உரிமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்ற பொருளின் குறைக்கு விற்றவர் குறைந்தது 2 ஆண்டுகள் பொறுப்பு. ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் சட்டப்படி, ஒரு பொருள் அதன் விலைக்கும் தன்மைக்கும் ஏற்ற நியாயமான காலம் உழைக்க வேண்டும். தயாரிப்பாளரின் வாரண்டி முடிந்த பிறகும் அந்த உரிமை நீடிக்கலாம். நீங்கள் வாழும் நாட்டில் எது இலவசமாகவே கிடைக்கிறது என்று பாருங்கள். அதையே காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் பேர் கோட்டை விடுவது தேதிக் கணக்கில்தான். ‘5 ஆண்டு வாரண்டி’ என்று விற்கப்படுவதில் முதல் 3 ஆண்டுகள் ஏற்கெனவே உங்களுடையவை. ஆகவே காசு கொடுத்து வாங்குவது 2 ஆண்டுகள். அதிலும் ‘எது முந்தியோ அது’ என்ற சொற்கள் இருக்கும். உதாரணமாக, முதல் வாரண்டி 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர். நீட்டிப்பு 5 ஆண்டு அல்லது 1,20,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் மூன்றாம் ஆண்டின் முடிவில் 90,000-ல் நிற்பார். மீதி 30,000 கிலோமீட்டர் ஒரே ஆண்டில் தீர்ந்துவிடும். இரண்டு ஆண்டுக்குக் காசு கொடுத்தார், கிடைத்தது ஓராண்டு. கட்டும் தொகையை உண்மையில் கூடுதலாகக் கிடைக்கும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள். பல பேரம் இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

படி 2: எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள்?

இது சிறிய கேள்வி, ஆனால் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். முந்தைய வண்டியை எத்தனை ஆண்டு வைத்திருந்தீர்கள் என்பதுதான் சரியான சாட்சி. ‘இந்த வண்டியைப் பத்து வருடம் ஓட்டுவேன்’ என்ற இன்றைய உற்சாகம் சாட்சி ஆகாது. முதல் வாரண்டி முடியும் முன்னரே விற்பவர் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிடலாம். மீதியுள்ள நீட்டிப்பைக் காட்டி வண்டியைக் கூடுதல் விலைக்கு விற்கலாம் என்பார்கள். ஓரளவு உண்மைதான், ஆனால் ஒப்பந்தம் அடுத்த உரிமையாளருக்கு மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும். கொடுத்த பணம் முழுவதும் விலையில் திரும்பி வருவது அரிது.

படி 3: உங்கள் மாடலுக்கு என்ன நோய் என்று விசாரியுங்கள்

இயந்திரங்கள் பழுதாகும் விதத்தைப் பொறியாளர்கள் ‘குளியல் தொட்டி வளைவு’ என்ற வரைபடத்தால் காட்டுவார்கள். தொடக்கத்தில் பழுது அதிகம். தயாரிப்பில் விட்ட குறைகள் அப்போது வெளிப்படும். பிறகு நீண்ட, தட்டையான நடுப்பகுதி. கடைசியில் தேய்மானத்தால் மறுபடியும் ஏறும். முதல் மேட்டைத் தயாரிப்பாளரின் வாரண்டி பார்த்துக்கொள்கிறது. கடைசி மேடு தேய்மானம் என்பதால் நீட்டிப்பு ஒப்பந்தங்கள் அதை விலக்கி வைத்திருக்கின்றன, அல்லது அதற்குள் காலம் முடிந்துவிடுகிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் நடுவில் இருக்கும் தட்டையான பகுதியை. அந்த வியாபாரத்தில் லாபம் எங்கிருந்து வருகிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

ஆனால் எல்லா வண்டிகளுக்கும் அந்த நடுப்பகுதி ஒரே மாதிரி தட்டையாக இருப்பதில்லை. சில மாடல்களுக்குத் தெரிந்த நோய் உண்டு. 2003 முதல் 2010 வரையிலான நிஸான் கார்களின் சிவிடி (படிகள் இல்லாமல் சீராக மாறும் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸில் புகார்கள் குவிந்தபோது, அமெரிக்காவில் அந்தப் பாகத்துக்கான வாரண்டியை அந்த நிறுவனமே 10 ஆண்டுகள் அல்லது 1,20,000 மைலாக நீட்டியது. ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸுக்கும் இதுபோன்ற நீட்டிப்பு வந்தது. ஹூண்டாய், கியா நிறுவனங்கள் தீட்டா வகை இன்ஜின்கள் சிலவற்றுக்கு, வழக்குகளுக்குப் பின் ஆயுட்கால வாரண்டியே அறிவித்தன.

இவற்றிலிருந்து இரண்டு வேலைகள் கிடைக்கின்றன. ஒன்று, உங்கள் மாடலின் பெயரோடு ‘திரும்பப் பெறுதல்’, ‘சிறப்பு வாரண்டி’ ஆகிய சொற்களைச் சேர்த்துத் தேடுங்கள். வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்துச் சர்வீஸ் மையத்தில் கேட்டாலும் சொல்வார்கள். நிறுவனம் இலவசமாகவே சரிசெய்யப்போகும் குறைக்காக நீங்கள் காப்பு வாங்கக் கூடாது. மற்றொன்று, அந்த மாடலைப் பல ஆண்டுகளாகக் கழற்றிப் பூட்டும் மெக்கானிக் ஒருவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எது போகும், எத்தனை கிலோமீட்டரில் போகும், மாற்ற எவ்வளவு ஆகும்? விற்கிறவருக்குக் கமிஷன் இருக்கிறது, மெக்கானிக்குக் கிடையாது.

பட்டியலில் எவை இருக்கும்? ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் அதைக் கட்டுப்படுத்தும் மின்னணு-ஹைட்ராலிக் தொகுதியும், டர்போ சார்ஜர், உயர் அழுத்த எரிபொருள் பம்ப், இன்ஜெக்டர்கள், ஏசி கம்ப்ரஸர், மின்சார பவர் ஸ்டீயரிங், கட்டுப்பாட்டுக் கணினிகள், ஹைபிரிட் வண்டியின் இன்வெர்ட்டர், மின்சாரக் காரில் உள்ளேயே பொருத்தப்பட்ட சார்ஜர். பெரிய பில் வருவது இவற்றில்தான். டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜினும் கையால் மாற்றும் கியரும் கொண்ட சிறிய காரில் இந்தப் பட்டியலில் பாதி இருக்கவே இருக்காது. அந்த வண்டிக்கும், காற்று சஸ்பென்ஷனும் பத்துப் பதினைந்து கேமரா, ரேடார்களும் உள்ள சொகுசு வண்டிக்கும் ஒரே அறிவுரையைச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

படி 4: தாளில் கணக்குப் போடுங்கள்

எந்த நாட்டு நாணயத்துக்கும் பொருந்தும்படி வாரண்டியின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். மெக்கானிக் சொன்னதை வைத்து, காப்புக் காலத்தில் வரக்கூடிய பழுதுகளை மூன்றாகப் பிரியுங்கள். கீழே உள்ள எண்கள் வழிமுறையைக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் வண்டிக்கு உரியவற்றை நீங்கள் இட வேண்டும்.

பெரிய பழுது: செலவு 400, வர வாய்ப்பு 5 சதவீதம். பெருக்கினால் 20.
நடுத்தரப் பழுது: செலவு 120, வாய்ப்பு 20 சதவீதம். பெருக்கினால் 24.
சிறிய பழுது: செலவு 30, வாய்ப்பு 40 சதவீதம். பெருக்கினால் 12.

மொத்தம் 56. அதாவது 100 கொடுத்து, சராசரியில் 56 மதிப்புள்ள காப்பை வாங்குகிறீர்கள். இத்துடன் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் முதல் 15-ஐ நீங்களே கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், மூன்று வரிகளும் 19.25, 21, 6 என்று சுருங்கி மொத்தம் 46.25 ஆகும். ஒரு கிளெய்முக்கு, அதாவது பழுதுச் செலவைக் கேட்டு நீங்கள் விண்ணப்பிக்கும் ஒவ்வொரு முறைக்கும், 250-க்கு மேல் தரமாட்டோம் என்ற வரம்பும் இருந்தால் பெரிய பழுதின் மதிப்பு 12.5-ஆக இறங்கி, மொத்தம் 39.5-ல் நிற்கும். விளம்பரத் தாளில் மூன்று ஒப்பந்தமும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும்.

மீதிப் பணம் எங்கே போகிறது? விற்றவரின் கமிஷன், நிர்வாகச் செலவு, காப்பீட்டு நிறுவனத்தின் பங்கு, லாபம். அது குற்றம் அல்ல, எந்தக் காப்பீட்டிலும் உள்ளதுதான். அமெரிக்க நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2014-ல் வெளியிட்ட கருத்தாய்வில், நீட்டிப்பு வாங்கியவர்களில் 55 சதவீதம் பேர் அதைப் பழுதுபார்க்க ஒருமுறைகூடப் பயன்படுத்தியிருக்கவில்லை. இந்த எண்ணைக் காட்டி ‘பார், வீண்’ என்று சொல்வது சரியல்ல. தீப்பிடிக்காத வீட்டுக்குக் கட்டிய காப்பீட்டுப் பணத்தை யாரும் வீண் என்பதில்லை. அதே ஆய்வில், பயன்படுத்தியவர்கள்கூடச் சராசரியில் கட்டியதைவிடக் குறைவாகவே மிச்சப்படுத்தினார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

ஆகவே சராசரிக் கணக்கில் நீங்கள் ஜெயிக்கப் போவதில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, பெரிய பழுதின் வரியை மட்டும் மறுபடியும் பாருங்கள். அந்த 400 உங்கள் குடும்பத்தை என்ன செய்யும்? சேமிப்பிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்துவிட முடியும் என்றால் காப்பு தேவையில்லை. அதிக வட்டிக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கும், வண்டி இல்லாவிட்டால் வேலைக்கே போக முடியாது என்றால், 56 மதிப்புள்ளதற்கு 100 கொடுப்பதிலும் நியாயம் இருக்கிறது. சிறிய பழுதுகளுக்காகக் காப்பு வாங்குவதில் எப்போதும் நியாயம் இல்லை.

படி 5: ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள்

கையேட்டின் பளபளப்பான அட்டையில் இருப்பது ஒப்பந்தம் அல்ல. ‘விதிமுறைகளும் நிபந்தனைகளும்’ என்ற தலைப்பில், சிறிய எழுத்தில் பல பக்கம் ஓடுகிறதே, அதுதான். அதைத் தர மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது ஒப்பந்தத்தின் வகை. ஒரு வகையில் ‘இன்னின்ன பாகங்களுக்குக் காப்பு உண்டு’ என்று பட்டியல் இருக்கும். பட்டியலில் இல்லாதது எதற்கும் காசு வராது. மற்றொரு வகையில் ‘இன்னின்ன தவிர மற்ற எல்லாவற்றுக்கும் காப்பு உண்டு’ என்று இருக்கும். இரண்டாவதுதான் நல்லது, விலையும் கூடுதல். முதல் வகையை வாங்குவதானால், படி 3-ல் மெக்கானிக் சொன்ன பாகங்களின் பெயர்களைப் பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ‘இன்ஜினின் உள் பாகங்கள்’ என்று எழுதியிருந்தால் டர்போவும் இன்ஜெக்டரும் அதில் அடங்காமல் போகலாம். அவை இன்ஜினுக்கு வெளியே பொருத்தப்பட்டவை.

இனி ஒரு பழுதை அருகில் வைத்துப் பார்ப்போம். நெடுஞ்சாலையில் போகும்போது வாட்டர் பம்பின் சீல் விட்டுப்போய்க் கூலண்ட் ஒழுகுகிறது. வெப்பமானி ஏறுகிறது. ஓரங்கட்ட இடம் தேடி இரண்டு கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். அதற்குள் சிலிண்டர் ஹெட் சூட்டில் வளைந்து, கேஸ்கட் போய்விட்டது. வாட்டர் பம்ப் பட்டியலில் இருக்கிறது; அதன் விலை சின்னது. ஹெட் வேலைதான் பெரியது. அதுவும் இன்ஜினின் பாகம்தானே என்று கேட்டால், விலக்குகள் பகுதியில் ஒரு வரியைக் காட்டுவார்கள்: ‘அதிகச் சூட்டினால் ஏற்படும் சேதம் இதில் அடங்காது.’ இன்னொரு வரி: ‘எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் வண்டியை இயக்கியதால் ஏற்படும் சேதம் அடங்காது.’ பம்புக்குப் பணம் வரும், ஹெட்டுக்கு வராது. நல்ல ஒப்பந்தத்தில் இதே இடத்தில், காப்புள்ள பாகம் பழுதானதன் விளைவாக மற்றொரு பாகத்துக்கு நேரும் சேதமும் அடங்கும் என்று எழுதியிருக்கும். அந்த ஒரு வாக்கியம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. டைமிங் பெல்ட்டைக் குறிப்பிட்ட கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் அட்டவணை சொல்கிறது. அது பராமரிப்புப் பொருள், காப்பு கிடையாது. அது அறுந்து வால்வுகள் பிஸ்டனில் மோதினால் இன்ஜினே போய்விடும். காப்பில்லாத பாகத்தால் காப்புள்ள பாகம் கெட்டால் பணம் இல்லை என்பதே பெரும்பாலான ஒப்பந்தங்களின் நிலை.

கிளட்ச் தட்டு, பிரேக் பேட், வைப்பர், டயர், சிறிய பேட்டரி, புஷ், ஷாக் அப்சார்பர் போன்றவை தேய்மானக் கணக்கில் ஒதுங்கிவிடும். இதில் பெரிய குறை சொல்ல முடியாது. அவை தேயத்தான் செய்யப்பட்டவை. ஆனால் ‘தேய்மானம்’ என்ற சொல்லை எவ்வளவு தூரம் இழுக்கிறார்கள் என்று பாருங்கள். 90,000 கிலோமீட்டர் ஓடிய எந்தப் பாகத்தையும் ‘தேய்ந்துவிட்டது’ என்று சொல்லிவிடலாமே! படிப்படியாகச் செயல்திறன் குறைவது காப்பில் உண்டா, அல்லது ‘திடீரென முற்றிலும் செயலிழந்தால் மட்டும்’ என்று இருக்கிறதா? எண்ணெய் குடிக்கத் தொடங்கும் இன்ஜினும், இழுக்கும்போது நடுங்கும் கியர்பாக்ஸும் திடீரென நிற்பதில்லை.

பணம் தொடர்பான வரிகளை ஒரே மூச்சில் பாருங்கள். நீங்கள் கட்ட வேண்டிய பங்கு ஒவ்வொரு முறை வண்டியை விடும்போதா, ஒவ்வொரு பாகத்துக்குமா? ஒரே நாளில் மூன்று பாகங்களை மாற்றினால் மூன்று முறை கட்ட வேண்டிவரும் ஒப்பந்தங்கள் உண்டு. கூலி முழுவதும் கிடைக்குமா, அல்லது மணிக்கு இவ்வளவு என்று வரம்பா? கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவது போன்ற வேலைகளில் கூலியே பெரிய பங்கு. பழுதைக் கண்டுபிடிக்க இன்ஜினைக் கழற்றிப் பார்க்கும் செலவை யார் தருவது? கழற்றிய பிறகு ‘இது காப்பில் வராது’ என்று சொல்லிவிட்டால், பிரித்துப் போட்ட இன்ஜினோடு நிற்பது நீங்கள்தான். உதிரிபாகத்தின் விலையில் வண்டியின் வயதுக்கேற்பக் கழிவு உண்டா? மொத்தக் கிளெய்ம்களுக்கு உச்ச வரம்பு, பழுதான நாளில் வண்டியின் சந்தை மதிப்பு என்று வைத்திருக்கிறார்களா?

வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த இன்ஜின், எலி கடித்த ஒயர், மோதல் ஆகியவை வாரண்டியில் ஒருபோதும் வராது. அவை மோட்டார் காப்பீட்டின் வேலை. வாரண்டி வாங்கியதால் காப்பீட்டைக் குறைத்துவிடாதீர்கள்.

படி 6: பின்னால் நிற்பவர் யார்?

விற்கிறவர் ஒருவர், கிளெய்மை முடிவு செய்பவர் வேறொருவர், கடைசியில் பணம் தருபவர் மூன்றாமவர் என்று இருக்கலாம். ஒப்பந்தத்தில் ‘கடமைப்பட்டவர்’ யார் என்று பாருங்கள். கார் தயாரிப்பாளரே பொறுப்பேற்கும் திட்டமாக இருந்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு: அந்த நிறுவனத்தின் எந்தச் சர்வீஸ் மையத்திலும் செல்லும், அசல் உதிரிபாகம் கிடைக்கும், பணத்துக்காகக் காத்திருக்கும் தொல்லை குறைவு. வெளி நிறுவனத் திட்டம் மலிவாக இருக்கலாம். அதன் பின்னால் உரிமம் பெற்ற காப்பீட்டு நிறுவனம் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. அமெரிக்காவில் வாகன சர்வீஸ் ஒப்பந்தங்களைப் பெருமளவில் விற்றுவந்த யூஎஸ் ஃபிடெலிஸ் நிறுவனம் 2010-ல் திவால் மனு போட்டது. நீங்கள் வாங்குவது ஐந்து ஆண்டுக்குப் பின் காப்பாற்றப்பட வேண்டிய ஒரு வாக்குறுதி. வாக்குக் கொடுத்தவர் அன்றைக்கு இருக்க வேண்டும்.

‘உங்கள் வாரண்டி முடியப்போகிறது’ என்று தானாக வரும் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. இப்படிக் கோடிக்கணக்கில் அழைப்புகளை அனுப்பிய ஒரு வலையமைப்புக்கு அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2023-ல் ஏறத்தாழ 30 கோடி டாலர் அபராதம் விதித்தது. அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். வண்டி எண்ணையோ அட்டை எண்ணையோ சொல்லாதீர்கள்.

படி 7: வாங்குவதென்றால் பேரம் பேசுங்கள்

காரின் விலையில் பேரம் பேசுபவர்கள்கூட வாரண்டியின் விலையை அரசாங்கக் கட்டணம் போல நினைத்துக் கட்டிவிடுகிறார்கள். பல இடங்களில் அதில்தான் விற்பவரின் லாபம் பெரிது. ஆகவே இறங்கி வரவும் இடம் இருக்கிறது. தயாரிப்பாளரின் அதே திட்டத்தை வேறொரு டீலர் என்ன விலைக்குத் தருகிறார் என்று கேளுங்கள். ஒரே ஒப்பந்தம், ஒரே நிறுவனம், வேறு விலை என்று கண்டால் வியப்படைய வேண்டாம். அந்த விலையைக் காட்டியே உங்கள் டீலரிடம் பேசலாம்.

கார் கடனோடு சேர்த்துவிடுகிறேன், மாதத் தவணை கொஞ்சம்தான் கூடும் என்பார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். 5 ஆண்டுக் கடனில் சேர்த்தால் முதல் 3 ஆண்டுகள், இன்னும் தொடங்காத காப்புக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். தவணையை மட்டும் பார்த்தால் எதுவும் மலிவாகத்தான் தெரியும்.

படி 8: தனக்குத் தானே காப்பு

வேண்டாம் என்று முடிவு செய்தால் வேலை முடிந்துவிடவில்லை. வாரண்டிக்குக் கட்டியிருக்கக்கூடிய தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். முடிந்தால் மாதாமாதம் சிறிது சேருங்கள். இந்தக் கணக்குக்கு விலக்குப் பட்டியல் கிடையாது. டயருக்கும் கிளட்சுக்கும் செல்லும், பிரேக்குக்கும் செல்லும், எந்த மெக்கானிக்கிடமும் செல்லும், வண்டியை விற்றால் மீதியும் உங்களுடையது. இதில் பலவீனம் ஒன்றுதான்: பணம் சேருமுன் பெரிய பழுது வந்துவிட்டால்? புதிய வண்டியில் முதல் சில ஆண்டுகளைத் தயாரிப்பாளரின் வாரண்டி தாங்குவதால் சேர்க்க நேரம் கிடைக்கிறது. பழைய வண்டி வாங்கியவருக்கு அந்த அவகாசம் இல்லை. அந்தப் பணத்தை வேறு செலவுக்கு எடுத்துவிடுவேன் என்று தன்னைப் பற்றித் தெரிந்தவர்கள் வாரண்டியையே வாங்கிவிடலாம். கேலியாகச் சொல்லவில்லை.

பழைய கார் வாங்குபவர்களுக்கு

பழைய காருடன் விற்கப்படும் வாரண்டியில் ‘ஏற்கெனவே இருந்த குறை அடங்காது’ என்ற வரிதான் முக்கியம். வாங்கி இரண்டாவது மாதம் கியர்பாக்ஸ் போனால், அந்தக் குறை முன்பே இருந்தது என்று சொல்வது அவர்களுக்கு எளிது, இல்லை என்று நிரூபிப்பது உங்களுக்குக் கடினம். காப்பு தொடங்குமுன் சில வாரக் காத்திருப்புக் காலமும் இருக்கலாம். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைச் செலவழித்து, விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக்கை வைத்து வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்வது பெரும்பாலும் நல்ல செலவு. அந்த ஆய்வு அறிக்கை எழுத்தில் இருந்தால், பின்னால் ‘முன்பே இருந்த குறை’ என்ற பேச்சு வரும்போது அதையே ஆதாரமாகக் காட்டலாம். தயாரிப்பாளரே சோதித்துச் சான்றளித்து, தன் வாரண்டியையும் சேர்த்து விற்கும் பழைய கார்கள் சில இடங்களில் கிடைக்கும். விலை கூடுதலாக இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கவை.

வாங்கிவிட்ட பிறகு

கிளெய்ம் மறுக்கப்படுவதற்கு அடிக்கடி காட்டப்படும் காரணம் சர்வீஸ் பதிவு இல்லாமை. அட்டவணைப்படி எண்ணெய் மாற்றிய தேதி, ஒடோமீட்டர் எண், எண்ணெயின் தரக் குறியீடு ஆகியவை உள்ள பில்களைப் படமெடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் சர்வீஸ் செய்யலாமா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டு மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டம், இலவசமாகத் தராதவரை, எங்கள் உதிரிபாகத்தையும் எங்கள் சர்வீஸையும்தான் வாங்க வேண்டும் என்று தயாரிப்பாளர் வாரண்டிக்கு நிபந்தனை போடக் கூடாது என்கிறது. காசு கொடுத்து வாங்கிய நீட்டிப்பு ஒப்பந்தங்களில், குறிப்பாக மற்ற நாடுகளில், ‘அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மட்டும்’ என்ற நிபந்தனை இருக்கக்கூடும். ஒரு சர்வீஸைச் சில வாரம் தள்ளிப்போட்டதற்காகவே காப்பை இழக்கும்படி எழுதப்பட்டவையும் உண்டு.

பழுது வந்தால், அனுமதி எண் கிடைக்கும் வரை யாரையும் எதையும் கழற்ற விடாதீர்கள். முன் அனுமதியின்றிச் செய்த வேலைக்குப் பணம் தர மறுப்பது வழக்கம். மறுத்தால், எந்த விதியின் எந்த உட்பிரிவின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக மறுப்பது எளிது. உட்பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுதச் சொன்னால் கோப்பை இன்னொரு முறை புரட்டிப் பார்ப்பார்கள். அதற்கும் பலனில்லை என்றால் சுயேச்சையான மெக்கானிக் ஒருவரின் எழுத்துபூர்வமான கருத்தோடு நுகர்வோர் அமைப்பையோ காப்பீட்டுக் குறைதீர்ப்பு அமைப்பையோ அணுகலாம்.

வண்டியை இடையில் விற்றாலோ, விபத்தில் முழுச் சேதமானாலோ வாரண்டியை மறந்துவிடாதீர்கள். பல ஒப்பந்தங்களில் ரத்து செய்தால் மீதிக் காலத்துக்கு ஏற்ற தொகை திரும்பக் கிடைக்கும். தொடக்கத்தில் சில நாட்களுக்குள் ரத்து செய்தால் முழுத் தொகையும் கிடைக்கலாம். நீங்கள் எழுதிக் கேட்காமல் தானாக வராது. கடனோடு சேர்த்து வாங்கியிருந்தால் அந்தத் தொகை உங்கள் கைக்கு வராமல் கடன் கணக்குக்குப் போகும், ஆகவே கடனை முடிக்கும்போது நிலுவையில் அது கழிக்கப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள்.